மனுஷன் மாதிரி, ஆனா ஒரு மாதிரி

பிரம்மாண்டமான பல்லி ஒன்று நகரத்தையே மிதித்துத் துவம்சம் செய்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. கால்மேல் கால் போட்டுக்கொண்டு பார்ப்பேன். கொழகொழவென்று ஒழுகும் வேற்றுக்கிரகப் பிராணி, நூறு கால் பூச்சி, பௌர்ணமிக்கு முளைக்கும் ஓநாய் எல்லாமே எனக்கு ஒருவகையில் மிருகக்காட்சிசாலைதான். என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு சிரிப்பு.

'அட்டாக் ஆன் டைட்டன்' அனிமே தொடர் 2013-இல் வந்தது. நான் ரொம்பத் தாமதமாகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். பெரிய மதிலுக்குள் ஒளிந்து வாழும் மனிதர்கள், மதிலுக்கு வெளியே அவர்களைத் தின்னும் ராட்சதர்கள் என்ற கதைச்சுருக்கத்தைப் படித்தபோது அலட்சியமாகத்தான் இருந்தேன். ராட்சதன் என்றால் கொம்பு, கோரைப்பல், பச்சைத் தோல் என்று ஏதாவது இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். முதல் அத்தியாயத்திலேயே ஒன்று வந்தது. கொம்பு இல்லை. மனித உடம்பு, மனிதத் தலைமுடி, மனித முகம், பல்வரிசையும் ஈறும் தெரிகிற மாதிரி அகலமான ஒரு சிரிப்பு. இடிந்த வீட்டுக்கடியில் மாட்டிக்கொண்ட கதாநாயகனின் அம்மாவைக் கையில் எடுக்கும்போதும் அதே சிரிப்பு. அதில் வெறி இல்லை, கோபம் இல்லை, பசிகூட இல்லை. குரூப் போட்டோவுக்கு 'சிரிங்க' என்று யாரோ சொல்லி, அப்புறம் படம் எடுக்க மறந்துவிட்டுப் போனதுபோல.

அன்று ராத்திரி குளியலறைக் கண்ணாடியைப் பார்க்காமலே பல் தேய்த்தேன். என் வயதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

மறுநாள், நல்ல பகல் வெளிச்சத்தில், வீரமாக அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வாயை மட்டும் கையால் மறைத்தேன்: யாரோ ஒருவரின் கண்கள், அவ்வளவுதான். கண்ணை மறைத்தேன்: சந்தோஷமாக இருக்கும் யாரோ ஒருவரின் வாய். கையை எடுத்தேன், வயிற்றுக்குள் மறுபடி ஏதோ நழுவியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு தப்பும் இல்லை.

இந்த உணர்ச்சிக்குத் தமிழில் என்ன சொல் என்று கொஞ்சநாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பயம் என்று சொல்ல முடியவில்லை. பயந்தால் ஓடத் தோன்றும், இங்கே இன்னொரு தடவை பார்க்கத் தோன்றுகிறது. அருவருப்பும் இல்லை. 'அமானுஷ்யம்' கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அது மனிதத்தன்மை இல்லாததைக் குறிக்கிற சொல். இங்கே சிக்கலே மனிதத்தன்மை இருப்பதில்தான். கடைசியில் பார்த்தால் அந்தச் சொல்லை நாம் தினமும் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். இப்படி ஒன்றைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றே: 'என்னமோ ஒரு மாதிரி இருக்கு.' 'மனுஷன் மாதிரி இருக்கு' என்கிறோமே, அதே மாதிரிதான் இங்கேயும். எதைப்போல என்று கேட்டால் முதலாவதற்குப் பதில் உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது. ஒப்பிட ஆரம்பித்து, எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் பாதியில் நின்றுபோன பேச்சு அது.

இதற்கு ஒரு படமே வரைந்து காட்டியவர் ஜப்பானிய ரோபோ பொறியாளர் மசாஹிரோ மோரி. 1970-இல் 'எனர்ஜி' என்ற பத்திரிகையில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அதில்தான் 'புகிமி நோ தானி' என்ற பெயர் வருகிறது. கிலியூட்டும் பள்ளத்தாக்கு என்று சொல்லலாம். ஒரு பொருள் மனிதனைப்போல ஆக ஆக அதன்மேல் நமக்கு ஒட்டுதல் கூடிக்கொண்டே போகிறது. தொழிற்சாலை ரோபோவைவிடப் பொம்மை ரோபோ பிடிக்கிறது. மேலே மேலே போய், முழு மனிதனைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கோடு திடீரென்று கீழே விழுகிறது. அந்தப் பள்ளத்தின் அடியில், அசையாதவற்றில் பிணத்தையும் அசைபவற்றில் நடைப்பிணத்தையும் அவர் வைத்திருந்தார். அசைவு சேர்ந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும் என்பது அவர் கணக்கு. பின்னால் சோதித்துப் பார்த்தவர்களுக்கு எப்போதும் இவ்வளவு ஒழுங்கான வளைகோடு கிடைத்ததில்லை. ஆனாலும் விஷயம் மனிதர்களோடு நிற்கவில்லை: 2009-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மக்காக் குரங்குகளுக்கு நிஜக் குரங்கு முகத்தையும், கார்ட்டூன்தனமான கணினி முகத்தையும், அசலை நெருங்கும் கணினி முகத்தையும் காட்டியபோது, அவை மூன்றாவதைத்தான் மிகக் குறைவாகப் பார்த்தன.

மோரியின் வளைகோட்டைவிட எனக்குள் தங்கிவிட்டது அவர் சொல்லும் கை. செயற்கைக் கை. நரம்பு, நகம், ரேகைவரை அசல்போலச் செய்யப்பட்டது. பார்த்ததும் கை என்றே நம்பிவிடுகிறோம். பிடித்துக் குலுக்கினால் எலும்பில்லாத பிடி, சில்லென்ற தொடுகை. ஒட்டுதல் அந்த நொடியிலேயே போய்விடுகிறது என்கிறார். அந்தக் காட்சியை நிதானமாக மனதில் ஓட்டிப் பாருங்கள். யாரும் அந்தக் கையை நம்மீது திணிக்கவில்லை. கை என்று முடிவு கட்டியதும் நாம், நம் கையை நீட்டியதும் நாம். சில்லிப்பு தெரிவது அதற்கப்புறம்தான். மரக்கையாக இருந்திருந்தால் குலுக்கும் எண்ணமே வந்திருக்காது, ஏமாற்றமும் இருந்திருக்காது. (மோரியே ரோபோ செய்கிறவர்களிடம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்கிறார். மூக்குக்கண்ணாடி விழியைப்போல இருக்க முயற்சி செய்வதில்லை, அதனால்தான் பார்க்க நன்றாக இருக்கிறது என்ற பொருளில் ஓர் உதாரணம் வேறு.)

திரையில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். படம் நம்மைப் பயமுறுத்தத் தொடங்குவதற்கு முன்பே, அந்த உருவத்தை நாம் மனுஷ ஜாதியில் சேர்த்து, 'வாங்க' என்று சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் இருக்க நம்மால் முடியாது. வந்தது யார் என்று அப்புறம்தான் பார்க்கிறோம்.

சொல்லாமல் இருக்க முடியாது என்பதற்கு ஒரு பழைய வேடிக்கை இருக்கிறது. 1980-இல் பீட்டர் தாம்சன் என்ற உளவியலாளர் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் புகைப்படத்தை எடுத்து, கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாகத் திருப்பி ஒட்டினார். அந்தப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் ஒரு பெண்மணி சிரிக்கிறார், பெரிதாக ஒன்றும் தோன்றாது. நேராகத் திருப்பினால் கோரம். காகிதத்தில் எதுவும் மாறவில்லை, திருப்பியது மட்டும்தான். நேராக இருக்கும் முகத்தை நாம் உறுப்பு உறுப்பாகப் படிப்பதில்லை, மொத்தமாக ஒரே விழுங்கு. தலைகீழாக இருந்தால் அந்த விழுங்கல் நடப்பதில்லை, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம், தப்பு கண்ணில் படுவதில்லை. நான் டைட்டனின் வாயைக் கையால் மறைத்தபோது செய்ததும் எழுத்துக்கூட்டல்தான்.

நடையும் அப்படியே. ஸ்வீடனில் குன்னர் ஜொஹான்சன் என்பவர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், இருட்டில் நடப்பவரின் மூட்டுகளில் மட்டும் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். பத்துப் பன்னிரண்டு புள்ளிகள்தான். நிறுத்திப் பார்த்தால் சிதறிய புள்ளிகள், ஓடவிட்டால் அரை நொடிகூட ஆகாமல் 'ஆள் நடக்கிறான்'. இவ்வளவு கூர்மையான ஒன்றை ஏமாற்ற வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும் என்று நினைக்கிறீர்கள்? 'ரிங்கு' என்ற ஜப்பானியப் பேய்ப்படத்தின் குழு 1998-இல் ஏறக்குறைய ஓசியிலேயே முடித்துவிட்டது. கிணற்றிலிருந்து வெளியே வரும் அந்தப் பெண்ணாக நடித்தவரைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, பிலிமைத் திருப்பி ஓட்டினார்கள். அவள் முன்னோக்கி வருகிறாள். எந்த மூட்டும் மடங்கக்கூடாத பக்கம் மடங்கவில்லை, வேகமும் சாதாரணம். ஆனால் நாம் நடக்கும்போது உடம்பின் பாரம் முதலில் சாயும், கால் ஓடிப்போய் அதைத் தாங்கும். அவளுக்குக் கால் முதலில் போகிறது, பாரம் யோசித்துவிட்டு வருகிறது. இதை நான் இருபது தடவை பார்த்து எழுதுகிறேன். முதல் தடவை பார்த்தபோது வாயில் வந்தது வழக்கமான அந்த வாக்கியம்தான்.

இங்கே எனக்கு நளவெண்பா ஞாபகம் வருகிறது. பள்ளியில் காதல் கதையாகத்தான் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். தமயந்தி மாலையோடு மண்டபத்துக்குள் வருகிறாள். எதிரே ஐந்து நளன்கள். நாலுபேர் தேவர்கள், அவளை அடைவதற்காக நளனின் உருவத்தையே எடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று புகழேந்தி மூன்று காரணம் சொல்கிறார்: கண் இமைத்தது, பாதம் மண்ணில் பட்டது, கழுத்தில் இருந்த மாலை வாடியிருந்தது. இந்த மூன்றும் யாரிடம் இருந்ததோ அவனே நளன். தேர்வுக்குப் பாட்டை மனப்பாடம் செய்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. அந்த மண்டபத்தில் ஒரு கேமராவை வைத்துப் பாருங்கள். நீங்கள் நேசிக்கிற முகம் ஐந்து தடவை வரிசையாக உட்கார்ந்து உங்களையே பார்க்கிறது. நாலு முகங்கள் இமைக்கவில்லை. நாற்காலிக்குக் கீழே பார்வையை இறக்கினால் எட்டுப் பாதங்கள் தரைக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கின்றன. பேய்ப்படம் எடுப்பவர்கள் இன்றைக்கும் அந்த வெண்பாவைத் தாண்டிப் போகவில்லை. இமைக்காத கண், பாரமில்லாத நடை, வயதாகாத தோல். கணினியில் மனித முகம் வரைகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதும் இதே இடங்களில்தான்.

பிணத்தையும் நோயையும் விட்டு விலகி நிற்கும் இயல்பே இந்தக் கூச்சமாக மிஞ்சியது என்றொரு விளக்கம் உண்டு. எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. அப்படியானால் அழுகி ஒழுகும் ஜோம்பிகள்தான் உச்சமாக இருக்க வேண்டும். மூன்றாவது படத்துக்கே அவை எனக்கு மேஜை நாற்காலி ஆகிவிட்டன. 'நடைப்பிணம்' என்று பெயர் சொல்லி ஓர் அலமாரியில் வைத்தாகிவிட்டது, அவ்வளவுதான். பெயர் வைக்க முடியாத முகம்தான் இன்னும் வெளியே நிற்கிறது. 1978-இல் வந்த 'ஹாலோவீன்' படத்தின் கொலைகாரன் போட்டிருக்கும் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கப்பல் தலைவர் வேடத்துக்காகக் கடைகளில் விற்ற மலிவான ரப்பர் முகம். ஒரு கதாநாயகனின் முகம்! அதன் புருவத்தை எடுத்து, கண் துளையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்தார்கள். கோரப்பல் எதையும் சேர்க்கவில்லை. உள்ளே என்ன ஓடுகிறது என்று காட்டிக்கொடுக்கிற அடையாளங்களைத் துடைத்தார்கள்.

டைட்டன்களை வரைந்த ஹஜிமே இசயாமாவும் இதைத்தான் வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார். இணைய மையம் ஒன்றில் ராத்திரி வேலை பார்த்தபோது, குடித்திருந்த ஒரு வாடிக்கையாளர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாராம். எதிரே நிற்பது மனிதன்தான், ஆனால் எந்தப் பேச்சும் அவரிடம் போய்ச் சேரவில்லை. உலகத்திலேயே நமக்கு மிகவும் பழக்கமான, மிகவும் பயங்கரமான மிருகம் மனிதன் என்று அன்று தோன்றியதாகச் சொன்னார். அவருடைய ராட்சதர்கள் ஆடு மாட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். மனிதரைத்தான் தின்பார்கள், அதுவும் பசிக்கு இல்லை. அவர்களுக்குச் செரிமான உறுப்பே கிடையாது. ஏன் என்று கேட்கவேண்டிய முகம் இருக்கிறது, பதில் சொல்ல உள்ளே ஆள் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு நோய் இருக்கிறது. 1923-இல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் தன் சகாவோடு சேர்ந்து முதன்முதலில் எழுதியதால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நோயாளிக்குக் கண் நன்றாகத் தெரியும், முகம் அடையாளம் தெரியும். ஆனால் 'இவங்க பார்க்க எங்கம்மா மாதிரிதான் இருக்காங்க, ஆனா எங்கம்மா இல்லை' என்று சாதிப்பார். நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைனோடு சேர்ந்து 1997-இல் இப்படி ஒருவரைப் பற்றி எழுதினார். விபத்தில் தலையில் அடிபட்டுக் கோமாவிலிருந்து மீண்ட இளைஞர். பெற்றோரைப் பார்த்து, வேஷம் போட்டு வந்தவர்கள் என்கிறார். முகத்தைக் கண்டுகொள்ளும் பகுதிக்கும், கண்டதும் உள்ளே நெகிழ்கிற பகுதிக்கும் நடுவே இணைப்பு அறுந்திருக்கலாம் என்பது ராமச்சந்திரனின் விளக்கம். முகம் வந்து சேர்கிறது, 'வாங்க' மட்டும் வரவில்லை. வராததற்குக் காரணம் வேண்டுமே, ஆள்மாறாட்டம் என்று மூளை கதை கட்டிவிடுகிறது. வினோதம் என்னவென்றால், அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. குரல் வேறு பாதை வழியாகப் போகிறது.

இந்தத் தொலைபேசி விஷயத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சுற்று. 2013-இல் 'மாமா' என்று ஒரு பேய்ப்படம் வந்தது. (நம் மாமா இல்லை, அம்மா.) அதில் வரும் உருவத்தின் நீளமான கைகளையும் விரல்களையும் பார்த்துவிட்டு எல்லாம் கணினி வேலை என்று நினைத்தவர்கள் நிறைய, நானும்தான். ஹாவியர் பொத்தெட் என்ற ஸ்பானிய நடிகரின் சொந்தக் கைகள் அவை. அவருக்கு மார்ஃபன் குறைபாடு, கை, கால், விரல்களை நீளமாக்கும் மரபணுக் கோளாறு; உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். தன் உடம்பை ஒரு கருவியைப்போல வாசிக்கத் தெரிந்த கலைஞர். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் காட்சியைப் பார்த்தபோது பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. திரையில் எனக்கு 'ஒரு மாதிரி' இருந்தது ஒரு மனுஷனின் கை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்து 4 வருஷம் ஆகிறது. கை நடுக்கத்துக்கு நாங்கள் தயாராக இருந்தோம், எல்லோரும் அதைப் பற்றித்தானே பேசுகிறார்கள். முகத்துக்கு எங்களை யாரும் தயார்படுத்தவில்லை. நிமிஷத்துக்கு 15, 20 தடவை இமைக்கவேண்டிய கண் எப்போதாவதுதான் இமைத்தது. கன்னம் அசையவில்லை. மருத்துவத்தில் இதற்கு 'முகமூடி முகம்' என்றே பெயர் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த முதல் வருஷம் முழுக்க, நான் பேசும்போது அவர் என்னையே வெறித்துப் பார்ப்பார், எனக்கு ஏதோ தப்பு செய்துவிட்ட உணர்வு. "என்னப்பா, கோபமா?" என்பேன். "எனக்கென்னடா கோபம்?" என்பார் அதே முகத்தோடு. வேலை இடத்திலிருந்து போன் செய்தால் குரல் தேய்ந்துதான் இருக்கும், ஆனால் அது அப்பா. அரைமணி நேரம் அரட்டை அடிப்போம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. மூளையில் அடிபட்ட அந்த இளைஞரைப் படித்தபோது, எனக்கு எந்த விபத்தும் நடக்கவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறந்தநாளுக்கு ஒரு போட்டோ எடுத்தோம். "அப்பா, சிரிங்க" என்றாள் தங்கை. சிரித்தார். உதடு இரண்டு பக்கமும் விரிந்தது, பல் தெரிந்தது, கண் அப்படியே இருந்தது. பிரெஞ்சு மருத்துவர் துஷேன், முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சி ஆராய்ந்து 1862-இல் எழுதிய புத்தகத்தில், வாயை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை நிஜமான சந்தோஷத்துக்கு மட்டும்தான் கேட்கும் என்று சொல்லியிருக்கிறார். பார்க்கின்சன் அந்தக் கணக்கையும் குழப்பிவிடுகிறது. கேட்டு வாங்கும் சிரிப்பு ஓரளவு வருகிறது. தானாக வரவேண்டியது உள்ளேயே நின்றுவிடுகிறது. அந்தப் போட்டோ என் போனில் இருக்கிறது. அதை முதலில் பார்த்தபோது எனக்கு எந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது என்று எழுதப் போவதில்லை.

போன மாதம் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் ஹாலில் ஏதோ ஒரு பேய்ப்படம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா சின்னச் சின்ன அடியாக வைத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே நின்று, இமைக்காமல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், வீட்டுக்குள் இருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நீளமான காட்சி. நான் தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அவனை இமைக்காமல் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் மெதுவாகத் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், அந்தத் தேய்ந்த குரலில் கேட்டார்:

"ஏன்டா, இவனும் நம்ம டாக்டர்கிட்டதான் போறானா?"